வால்வை மூடினாலும் அணையாத டிரம்: வீட்டில் செய்த ஒரு ஸ்மோக்கரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது, நண்பர் ஒருவர் வீட்டுப் பின்புறத்தில் தன் கையாலேயே செய்து நிறுத்திய டிரம் ஸ்மோக்கர், அதாவது கரித் தணலின் மிதமான சூட்டிலும் மரப்புகையிலும் கறியை மெல்ல வேகவைக்கும் அடுப்பு. 55 கேலன், அதாவது 208 லிட்டர் கொள்ளும் இரும்பு டிரம். அடியில் கரிக்கூடை, மேலே கறி வைக்கும் கம்பி கிரில், அதற்கு மேல் தட்டை மூடி. வீட்டில் ஸ்மோக்கர் செய்யப் புறப்படுகிறவர்கள் பலரும் முதலில் கைவைப்பது இந்த வடிவத்தில்தான். 'அக்லி டிரம் ஸ்மோக்கர்' என்று அதற்கு ஒரு கேலிப்பெயரே உண்டு. வெல்டிங் தெரியாவிட்டாலும் டிரில்லும் ஸ்பேனரும் இருந்தால் முடித்துவிடலாம் என்பதுதான் அதன் கவர்ச்சி.

நண்பரின் குறைகள் மூன்று. 110 டிகிரி செல்சியஸில் நிற்க வேண்டிய சூடு 160-ஐத் தாண்டி ஓடுகிறது. வால்வுகளை மூடினாலும் இறங்க மாட்டேன் என்கிறது. கறியின் அடிப்பக்கம் கருகுகிறது, உள்ளேயோ பல்லுக்கு வேலை வைக்கிறது. மேற்பரப்பில் ஒரு கசப்பு. சாப்பிட்டு வெகுநேரம் ஆகியும் நாக்கை விட்டுப் போவதில்லை. இரும்புத் தகடு மெலிதாக இருப்பதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது அவர் முடிவு. வெளியே காப்புப் போர்வை ஒன்றைச் சுற்றி, சூட்டைப் பார்த்துத் தானே காற்று ஊதும் மின்விசிறிக் கருவி ஒன்றையும் வாங்கிப் பொருத்திவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தார்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனமே உள்ள தகட்டில் செய்த டிரம்கள் இரவு முழுக்க ஒரே சூட்டில் நிற்பது புதிய செய்தியல்ல. ஸ்மோக்கர் என்றதும் மனதில் முதலில் புகைதான் வருகிறது. அதனால் செய்கிறவர்கள் புகையை அடைத்து வைக்கும் பெட்டியாக நினைத்து அதைக் கட்டிவிடுகிறார்கள். என் கணக்கில் அது காற்றை அளந்து கொடுக்கும் கருவி. காற்றின் அளவு கைக்குள் இருந்தால் சூடும் புகையும் அதன் பின்னால் வந்துவிடும். இந்த டிரம்மில் அந்த அளவு எங்கே கைநழுவியது என்று தேடுவதுதான் வேலை.

அவர் சமைக்க, நான் பார்க்க

பன்றித் தோள்கறி ஒன்றை வைத்து, வழக்கமாக எப்படிச் செய்வாரோ அப்படியே சமைக்கச் சொன்னேன். குறுக்கே எதுவும் பேசவில்லை. இரண்டு டிஜிட்டல் வெப்பமானிகளின் கம்பி முனைகளை மட்டும் உள்ளே விட்டிருந்தேன்: ஒன்று கிரில்லின் நடுவில், கறியிலிருந்து கொஞ்சம் தள்ளி, இன்னொன்று கறிக்குள்.

கூடை நிறையக் கரி கொட்டி, மேலே தணல் போட்டு, அதன்மேல் தண்ணீரில் ஊறவைத்த மரத்துண்டுகளை அடுக்கினார். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வரும்போதே கறியை வைத்து மூடினார். மூடியில் அரை அங்குல அளவில் எட்டுத் துளைகள் போட்டிருந்தார். அவற்றில் நான்கைக் காந்தத் துண்டுகளால் அடைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "புகையை எல்லாம் வெளியே விட்டா கறியில எப்படி ஏறும்?" என்றார்.

டிரம்மின் பக்கத்தில் திருகியிருந்த வட்ட முள் வெப்பமானி 110 காட்டியது. நடுவில் இருந்த என் கம்பி முனை 135-ஐ ஒட்டி நின்றது. சில மணி நேரம் இப்படியே போயிற்று. கறியின் உள்சூடு 68 டிகிரிக்கு வந்ததும் நின்றுவிட்டது. அரை மணி, ஒரு மணி, அசையவில்லை. நண்பருக்குப் பொறுமை போய்விட்டது. தீ சோர்ந்துவிட்டது என்று சொல்லி இரண்டு காற்றுவாய்களைத் திறந்தார், காந்தங்களை எடுத்தார், மூடியைத் தூக்கிக் கறியைக் குத்திப் பார்த்தார், மறுபடி மூடினார். அடுத்த கால் மணி நேரத்தில் நடுச்சூடு 165-ஐத் தாண்டியது. எல்லா வால்வையும் மூடினார். சூடு இன்னும் ஏறி, 180-க்குப் பக்கத்தில் போய்த்தான் நின்றது, அதற்குப் பிறகும் லேசில் இறங்கவில்லை. அடிப்பக்கம் கருகும் வாடை வந்ததும் கறியை வெளியே எடுத்துவிட்டார். அப்போது அதன் உள்சூடு 78.

கறியை எடுத்த பிறகு ஒரு சோதனை. வால்வுகள், மூடித் துளைகள் என்று கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அடைத்துவிட்டுப் போய்ப் படுத்தோம். காற்றுப் புகாத டிரம்மாக இருந்தால் தீ மூச்சு முட்டி அணைந்து, மீதிக் கரி மறுநாளைக்கு உதவும். காலையில் திறந்து பார்த்தால் கூடையில் சாம்பல்தான் இருந்தது. டிரம்மில் எங்கோ ஒரு வாய் திறந்தே இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். இந்தச் சோதனைக்குச் செலவும் கிடையாது. புது டிரம் செய்தவர்கள் கறி வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம்.

நொடிக்கு ஒரு லிட்டர்

இந்தத் தீ எவ்வளவு காற்றுக் குடிக்கும் என்று ஒரு கணக்குப் போடலாம். ஒரு கிலோ கார்பன் முழுதாக எரிய 9 முதல் 10 கன மீட்டர் காற்று வேண்டும். 110, 120 டிகிரியில் அமைதியாக நிற்கும் டிரம் ஒரு மணி நேரத்தில் தின்பது சுமாராகக் கால் கிலோவுக்கு மேல், அரைக் கிலோவுக்குள். மூன்றில் ஒரு பங்கு கிலோ என்று வைத்துக்கொண்டால் மணிக்கு மூன்றேகால் கன மீட்டர். நொடிக்கு ஒரு லிட்டருக்கும் சற்றுக் குறைவு. எரியாமல் நழுவிப் போகிற காற்றையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய டிரம்முக்கு நொடிக்கு ஒரு லிட்டர் காற்று என்பது மிகச் சின்ன அளவு. அதனால்தான் சின்ன ஓட்டைகூடப் பெரிய விஷயமாகிவிடுகிறது.

நண்பரின் டிரம்மில் அடியில் காற்று நுழைய முக்கால் அங்குல நிப்பிள்கள் (திருகு வெட்டிய குட்டைக் குழாய்கள்) நான்கு. ஒன்றில் பால் வால்வு (ball valve, கைப்பிடியைத் திருப்பித் திறந்து மூடுவது), மற்ற மூன்றுக்கும் திருகு மூடி. இது பலரும் செய்து தேறிய அமைப்பு, குறை சொல்ல எதுவுமில்லை. ஒரு நிப்பிளின் உள்விட்டம் 21 மி.மீ.; வாய்ப்பரப்பு ஏறத்தாழ 345 சதுர மி.மீ. நான்கும் சேர்ந்து 1,380.

கோளாறு அவர் கூடுதலாகச் செய்திருந்த ஒரு வசதியில் இருந்தது. சாம்பல் அள்ளுவதற்கென்று அடியில் 25 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரத்தில் தகட்டை வெட்டி, கீல் வைத்துக் கதவு போட்டிருந்தார். பார்க்க அழகான வேலை. ஆனால் டிரம்மின் உடல் வளைவு. வெட்டியெடுத்த துண்டு வெட்டும்போதே கொஞ்சம் நிமிர்ந்துவிடும். விளிம்பைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தது. கதவின் சுற்றளவு 80 செ.மீ., அதாவது 800 மி.மீ. ஒரு மில்லிமீட்டரால் பெருக்கினால் 800 சதுர மி.மீ. இரண்டு நிப்பிள்களை முழுக்கத் திறந்து வைத்து, மூன்றாவதையும் கொஞ்சம் திறந்ததற்குச் சமம். அவர் "எல்லாத்தையும் மூடிட்டேன்" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் இவ்வளவு காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஈரக் காகிதத்தைக் கொளுத்தி உள்ளே போட்டு, மூடித் துளைகளை அடைத்துப் பார்த்தோம். கதவின் மேல் விளிம்பில் கோடு கிழித்தது மாதிரி புகை வெளியே வந்தது. நிப்பிள்கள் நுழையும் இடத்தில் ஒன்றில் மட்டும் லேசாகக் கசிந்தது. மேல்மூடி கச்சிதமாக இருந்தது. டிரம்மோடு வந்த பூட்டு வளையத்தை அவர் விடாமல் வைத்திருந்தார், ரப்பர் கேஸ்கட்டை எடுத்துவிட்டு ஃபைபர்கிளாஸ் நாடா ஒட்டியிருந்தார். மேலே இவ்வளவு மெனக்கெட்டது வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேலே கசிந்தால் அது இன்னொரு புகைபோக்கி, அவ்வளவுதான். கீழே கசிந்தால் அது தீக்கு ஊட்டும் வாய். ஒட்டுவதற்குக் கொஞ்சம்தான் நாடா இருக்கிறது என்றால் அதைக் கீழே ஒட்ட வேண்டும்.

இன்னொரு கணக்கும் இங்கே சேரும். உள்ளே 120 டிகிரி, வெளியே 30, டிரம்மின் உயரம் 80 செ.மீ. என்றால் காற்றை உள்ளே இழுக்கும் அழுத்த வித்தியாசம் வெறும் 2 பாஸ்கல். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் சாதாரணக் காற்று ஒரு நிப்பிளின் வாயில் நேராக மோதினால் அங்கே 15 பாஸ்கலுக்குப் பக்கம் அழுத்தம் விழும். ஏழு மடங்கு. "காத்தடிக்கிற நாள்ல இதுக்குப் பேய் பிடிச்சிடுது" என்று அவர் சொன்னதற்கு விளக்கம் இதுதான். பால் வால்வு வைத்த வாயைக் காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம் திருப்பி வைப்பதும், பக்கத்தில் ஒரு தகட்டை மறைப்பாக நிறுத்துவதும் அலங்காரம் அல்ல.

கசப்பு எங்கிருந்து வந்தது

மரம் எரியும்போது, அதற்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சிதைந்து குவாயகால், சிரிங்கால் போன்ற சேர்மங்கள் வருகின்றன. நாம் புகை வாசனை என்று விரும்பிச் சாப்பிடுவது பெரும்பாலும் இவற்றைத்தான். தீக்குக் காற்றுப் போதுமானதாக இருந்தால் புகைத் துகள்கள் மிக நுண்ணியதாக இருக்கும். நீல ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஓடுகிற அந்த இளநீலப் புகைதான் வேண்டியது. மரம் திணறி எரிந்தால் துகள்கள் பெரிதாகி, புகை வெளுத்துத் தடிக்கும். அதில் தார்ப்பிசுக்கு அதிகம். அது குளிர்ந்த பரப்பைத் தேடிப் படியும். அந்த நேரத்தில் டிரம்முக்குள் குளிர்ந்து கிடப்பவை இரண்டு: மூடியும், அப்போதுதான் வைத்த கறியும்.

நண்பர் செய்த மூன்று காரியங்களும் ஒரே பக்கம் இழுத்தன. மரத்தை ஊறவைத்தார். ஊறவைத்தாலும் தண்ணீர் உள்ளே அதிகம் இறங்குவதில்லை. மேலே இருக்கும் ஈரம் காயும்வரை மரம் திணறும். வெள்ளைப் புகை அடங்குமுன் கறியை வைத்தார். மூடித் துளைகளில் பாதியை அடைத்தார். மூன்றாவதுதான் பெரிய தவறு. அரை அங்குலத் துளை ஒன்றின் பரப்பு 127 சதுர மி.மீ.; எட்டும் சேர்ந்தே ஆயிரத்துச் சொச்சம். நான்கை அடைத்தால் 500. உள்ளே போகிற காற்று சூடாகி 30 சதவீதம் பெருத்து வெளியே வருகிறது என்பதையும் சேர்த்தால், வெளிவாய் உள்வாயைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இங்கே தலைகீழ். புகை தேங்கி, மூடியின் அடியில் பிசினாகப் படிந்து, கறியின் மேலேயே சொட்டியிருக்கிறது. மூடியைத் திருப்பிப் பார்த்தபோது கறுப்பு வார்னிஷ் பூசியதாகத் தெரிந்தது. சூட்டைக் கீழ்வாயில் கட்டுப்படுத்த வேண்டும். மேல்வாய் எப்போதும் திறந்தே கிடக்கட்டும். டிரம் ஸ்மோக்கரில் நான் விட்டுக்கொடுக்காத விதி இது.

அவருடைய மூடியிலேயே இரண்டு அங்குல அளவில் திருகு அடைப்பு ஒன்று இருந்தது, டிரம் தயாரிப்பிலேயே வருவது. அதைத் திறந்தாலே ஏறத்தாழ 1,960 சதுர மி.மீ. வாய் கிடைக்கும். எட்டுத் துளைக்குப் பட்ட பாடே தேவையில்லை.

அடி கருகியதும் உள்ளே வேகாததும்

கரிக்கூடையின் விட்டம் 38 செ.மீ. சாம்பல் கதவுக்கு இடம் வேண்டும் என்பதற்காகக் கூடையைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார். அதனால் கூடையின் அடியிலிருந்து கிரில் வரை 40 செ.மீ.தான். கூடையில் கரி 20 செ.மீ. உயரம் இருக்கும்போது கரியின் தலைக்கும் கறியின் அடிக்கும் இடையே மீதி 20 செ.மீ. இந்த வகை டிரம்களில் வழக்கம் கூடை அடியிலிருந்து கிரில் வரை 60 செ.மீ. தணல் முழுவதும் மேல்பரப்பில் ஒளிர்வதாக வைத்துக் கணக்கிட்டால், இடைவெளி 20-லிருந்து 40 ஆகும்போது கிரில்லின் நடுப்புள்ளியில் நேராக விழும் கதிர்வெப்பம் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைகிறது. அவர் செய்துகொண்டிருந்தது ஸ்மோக்கிங்கும் இல்லை, தணலில் சுடுவதும் இல்லை, நடுவில் ஒன்று.

பக்கச் சுவரில் இருந்த முள் வெப்பமானி நிலைமையை இன்னும் மோசமாக்கியது. சுவரோரம் காற்று குளிர்ந்து கீழே இறங்கும். அதன் குட்டைக் காம்பு அந்தக் குளிர்ந்த அடுக்கில்தான் நின்றது. கொதிநீரில் முக்கிப் பார்த்தோம், நூறை ஒட்டியே காட்டியது. ஆக, கருவியில் பழுதில்லை, வைத்த இடத்தில்தான் பழுது.

இனி அந்த 68 டிகிரி. ஸ்மோக் செய்கிறவர்கள் 'ஸ்டால்' என்று சொல்லும் இந்த நிலை 65-க்கும் 75-க்கும் நடுவில் எங்கேயாவது வரும். பெரிய துண்டு என்றால் மணிக்கணக்கில் நீளும். கொழுப்பு உருகுவதால் என்றும், கறியை விறைப்பாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதம் கரைவதால் என்றும் பல காலம் காரணம் சொல்லிவந்தார்கள். அமெரிக்க இயற்பியலாளர் கிரெக் பிளாண்டர் ஒரு சோதனையில் இதைத் தீர்த்துவைத்தார். தண்ணீரில் ஊறிய ஸ்பாஞ்சையும் தனிக் கொழுப்புக் கட்டியையும் சூட்டில் வைத்தார். கொழுப்பு தடையில்லாமல் சூடேறியது. ஸ்பாஞ்ச் கறி மாதிரியே நடுவழியில் நின்றது. காரணம் ஆவியாதல். வியர்வை நம் உடம்பைக் குளிர்விப்பதைப் போல, மேற்பரப்பின் ஈரம் ஆவியாகும்போது உள்ளே வரும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. தீ சோர்வதே இல்லை.

நண்பரின் கதை முழுவதும் இந்த இடத்தில்தான் முடிச்சுப் போட்டுக்கொண்டது. கறி நின்றதும் தீயைக் குறை சொல்லிக் காற்றைத் திறந்தார். மூடியைத் தூக்கினார், உள்ளே புதுக்காற்று பாய்ந்தது. அதுவரை எரியாமல் கிடந்த கரியெல்லாம் பற்றிக்கொண்டது. பிறகு மூடினாலும் சாம்பல் கதவு தன் பங்குக்கு ஊட்டிக்கொண்டே இருந்தது. அடி கருகியதும் 78-இல் எடுத்துவிட்டார். தோள்கறி பாதுகாப்பாக வெந்துவிட்டது என்னவோ உண்மை. முழுத் துண்டுப் பன்றிக்கறிக்கு அமெரிக்க வேளாண்துறை சொல்வது 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும்தான். ஆனால் அதிலிருக்கும் கொலாஜன் ஜெலட்டினாக மாறி நார் நாராகப் பிரிய, உள்சூடு 93-லிருந்து 96 வரை போக வேண்டும், அதுவும் நிதானமாக. 78-இல் அந்த வேலை பாதியில்தான் இருக்கும்.

தகட்டுக்குள் இருந்த வேறு சில சங்கதிகள்

காற்றைத் தேடிப் போன இடத்தில் இன்னும் இரண்டு கண்ணில் பட்டன. சூட்டோடு இவற்றுக்குச் சம்பந்தமில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது.

ஒன்று, டிரம்மின் உள்பூச்சு. உணவுப் பொருள் வரும் டிரம்களில் பலவற்றுக்கு உள்ளே எபாக்சி-ஃபீனாலிக் பூச்சு இருக்கும். விறகைப் போட்டுப் பெருந்தீ மூட்டி அதை எரித்துத் தள்ளி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து வெற்றுத் தகடு தெரியும்வரை விடக் கூடாது. நண்பர் எரித்திருந்தார், ஆனால் டிரம்மின் இடுப்பில் ஓடும் வளையப் புடைப்புகளின் மடிப்பில் பூச்சு திட்டுத்திட்டாக மிச்சமிருந்தது. மறுபடி எரிக்க வேண்டியதாயிற்று. பழைய டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அதை வாங்கவே வேண்டாம். எரியும் திரவம் இருந்த மூடிய டிரம் காலி என்று தோன்றினாலும் உள்ளே ஆவி நிற்கும். கிரைண்டரின் ஒரு பொறி அதை வெடிகுண்டாக்கிவிடும்.

இரண்டாவது, கரிக்கூடை. துத்தநாகம் பூசிய வலையில் செய்திருந்தார். துத்தநாகம் 419 டிகிரியில் உருகும். எரியும் கரிப் படுகை அதைச் சுலபமாகத் தாண்டும். அந்தச் சூட்டில் துத்தநாகத்திலிருந்து எழும் புகையை மூச்சில் இழுத்தால் குளிரும் காய்ச்சலுமாகப் படுக்க வைக்கும். காற்று நுழையும் நிப்பிள் துத்தநாகம் பூசியதாக இருப்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, குளிர்ந்த காற்றுதான் அதன் வழியே போகிறது. தீயைத் தொடும் பாகம் வெறும் இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகத்தான் இருக்க வேண்டும்.

திருத்தம்

சாம்பல் கதவை நிரந்தரமாக மூடினோம். வெட்டிய இடத்தைவிடப் பெரிய தகடு ஒன்றை டிரம்மின் வளைவுக்கு வளைத்து, நடுவில் ஃபைபர்கிளாஸ் நாடா வைத்து, சுற்றிலும் போல்ட் போட்டு இறுக்கினோம். நண்பருக்கு மனசே இல்லை. சாம்பலை எப்படி அள்ளுவது என்பது அவர் கேள்வி. கூடைக்குக் கீழே ஒரு தட்டு. கூடையோடு சேர்த்து மேலே தூக்கி எடுக்க நீளக் கொக்கி. கதவைவிட இது சுத்தமான வேலை என்பதை அப்புறம் ஒத்துக்கொண்டார்.

புதுக் கூடை வெற்று இரும்பு வலையில் செய்தது. செங்கல்லை எடுத்துவிட்டு, சாம்பல் விழ 7, 8 செ.மீ. இடம் விட்டுக் குட்டைக் கால்களில் நிறுத்தினோம். கிரில்லையும் கொஞ்சம் மேலே ஏற்றியதில் 60 செ.மீ. கிடைத்தது. மூடியில் இருந்த எட்டுத் துளைகளையும் போல்ட்டும் வாஷரும் வைத்து அடைத்து, திருகு அடைப்பைக் கழற்றி அங்கே குட்டைக் குழாய் ஒன்றைப் புகைபோக்கியாக நிறுத்தினோம். கசிந்த நிப்பிளுக்கு உள்ளும் வெளியும் நட்டு. உள்சுவரில் பெயின்ட் எதுவும் கிடையாது. சமையல் எண்ணெயை மெலிதாகத் தடவிச் சில மணி நேரம் சூடேற்றினால் அது இறுகிப் படலமாகிவிடும், துருவுக்கு அது போதும். மின்விசிறிக் கருவி வாங்கவில்லை. காற்றுப் புகாத டிரம்முக்கு அது வசதி. ஓட்டை டிரம்முக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அடைக்க வேண்டியதை அது ஊதவா செய்யும்?

தீ மூட்டும் முறையும் மாறியது. அமெரிக்கப் போட்டிச் சமையல்காரர் ஜிம் மின்னியன் பெயரால் அழைக்கப்படும் முறை இது: கூடை நிறைய எரியாத கரி, அதன்மேல் ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் தணல். நெருப்பு பக்கத்துக் கரியைத் தொட்டுத் தொட்டு மெல்ல நகரும். காய்ந்த கடின மரக்கட்டைகள் இரண்டு மூன்றைக் கரிக்குள் அங்கங்கே புதைத்துவிட்டால் நெருப்பு வந்து சேரும் நேரத்தில் ஒவ்வொன்றாகப் புகையும். பைன் மாதிரி பிசின் மரமும், பெயின்ட் அடித்ததும், பிளைவுட்டும் ஆகாது. சூடு இலக்குக்கு 15 டிகிரி கீழே இருக்கும்போதே வாய்களை ஒடுக்கத் தொடங்க வேண்டும். ஏறிய பிறகு இறக்குவது நல்ல டிரம்மிலும் நீண்ட வேலை.

திருத்திய டிரம்மில் மறுபடி அதே தோள்கறி. ஒரு நிப்பிள் முழுக்கவும் பால் வால்வு பாதியும் திறந்த நிலையில், கிரில்லின் நடுவில் சூடு 110-க்கும் 120-க்கும் இடையில் நின்றது. புகை இளநீலமாகி, கண்ணெரிச்சல் போன பிறகுதான் கறி உள்ளே போனது. 67-இல் ஸ்டால் வந்தது. நண்பரின் கை வால்வுக்குப் போனது, நான் பார்த்ததும் திரும்பி வந்தது. மேற்பரப்பு கரும்பழுப்பாகத் திரண்டிருந்ததால் தடித்த அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றினோம். ஆவி போக வழியில்லாததால் உள்சூடு மறுபடி ஏறத் தொடங்கியது. 95-இல் எடுத்து ஒரு மணி நேரம் அப்படியே விட்டோம். எலும்பு இழுத்ததும் கையோடு வந்தது. வெட்டிய பக்கத்தில் விளிம்பை ஒட்டி இளஞ்சிவப்பு வளையம். தீயிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடும் கார்பன் மோனாக்சைடும் கறிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதத்தோடு சேர்வதால் வரும் நிறம் அது. கசப்பு இல்லை. எல்லா வாயையும் அடைத்துவிட்டுக் காலையில் திறந்தபோது கூடையில் நல்ல கரி மிச்சம் இருந்தது.

அந்தக் கார்பன் மோனாக்சைடு பற்றி ஒரு வரி. மழை என்று சொல்லி இந்த டிரம்மை வண்டிக் கொட்டகைக்குள்ளோ மூடிய தாழ்வாரத்திலோ தள்ளிவைக்கக் கூடாது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, மனிதன் தானாக எழுந்து வெளியே வருவான் என்று நம்ப முடியாது.

தீராமல் இருப்பவை

கொழுப்பு நேராகத் தணலில் சொட்டுவது டிரம்மின் தனிச்சுவைக்குக் காரணம். அதே சொட்டல்தான் பென்சோபைரீன் போன்ற சேர்மங்களையும் கொண்டுவருகிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. புகையூட்டிய இறைச்சியில் கிலோவுக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பது 2014 செப்டம்பரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. கொழுப்பு மிகுந்த துண்டுகளுக்குக் கூடைக்கும் கிரில்லுக்கும் நடுவில் ஒரு தடுப்புத் தட்டு வைப்பது நல்லது என்பது என் எண்ணம். நண்பருக்குச் சுவை போய்விடும் என்ற கவலை. கோழிக்கு மட்டும் தட்டில்லாமல் வைக்கிறார். அதன் உள்சூடு 74-ஐத் தொடாமல் எடுப்பதில்லை என்பதில் இருவருக்கும் உடன்பாடு. தட்டுக்குப் பதில் தண்ணீர்ச் சட்டி வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம், ஆனால் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க நூறு கிராம் கரிக்குப் பக்கம் போய்விடும். சூடு துள்ளும் டிரம்மை அடக்க அது ஒரு கடிவாளமாக உதவும். இப்போது இந்த டிரம் துள்ளுவதில்லை.

மிச்சமிருப்பது அடித்தகடு. பழைய கதவின் கீழே சாம்பல் தேங்கி, ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒரு கையகலத்துக்குத் துரு ஏற்றியிருக்கிறது. சுத்தியலால் தட்டினால் அங்கே மட்டும் ஓசை மாறுகிறது. அது அரித்துத் திறந்துகொண்டால் கதவு செய்த வேலையை அந்த ஓட்டை செய்யும். உள்ளே இறக்க ஒரு வட்டத் தகட்டுக்கு நண்பர் அளவெடுத்து வைத்திருக்கிறார். டிரம்மை இப்போது மூன்று செங்கல் மேல் தரையிலிருந்து தூக்கி நிறுத்தியிருக்கிறது.